117 வாக்கு பெற்றவர் வென்றார், 174 வாக்கு தோற்றது: ஸ்வீடனில் ஒற்றை உறுப்பினரின் கணக்கு

2021 நவம்பர் 24 அன்று ஸ்வீடன் நாடாளுமன்றத்தில் பிரதமர் பதவிக்கான வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 117. எதிர்ப்பு 174. நடுநிலை 57. வராதவர் ஒருவர். எந்த ஊர் செய்தி அறையிலும் இதைப் பார்த்தவுடன் ‘வேட்பாளர் படுதோல்வி’ என்று தலைப்பு போட்டிருப்பார்கள். ஆனால் அன்று மக்டலேனா ஆண்டர்சன் வென்றார். அந்நாட்டின் பிரதமராகத் தேர்வான முதல் பெண் அவர்.

அந்த 117-ஐப் பிரித்துப் பார்த்தால் இன்னொரு புதிர் வருகிறது. ஆண்டர்சனின் சமூக ஜனநாயகக் கட்சிக்கு 100 இடங்கள், கூட்டணியில் இருந்த பசுமைக் கட்சிக்கு 16. மொத்தம் 116. மீதமுள்ள ஒரு வாக்கு அமீனே காக்காபாவே என்ற உறுப்பினருடையது. அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. ஸ்வீடன் நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர விண்ணப்பித்ததும் துருக்கி முட்டுக்கட்டை போட்டதே, அந்தக் கதையிலும் இவர் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. ஒரே ஓர் இடத்தை வைத்திருந்தவர் எப்படி இவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதை அந்நாட்டு விதிகளிலிருந்து தொடங்கினால்தான் புரிந்துகொள்ள முடியும்.

எதிர்ப்பை எண்ணும் நாடாளுமன்றம்

ஸ்வீடன் நாடாளுமன்றத்தின் பெயர் ரிக்ஸ்டாக். ஒரே அவை, 349 உறுப்பினர்கள். 1970-களின் தொடக்கத்தில் 350 பேர் இருந்தார்கள். 1973 தேர்தலில் இரு அணிகளும் ஆளுக்கு 175 இடங்களைப் பிடிக்க, மூன்று ஆண்டுகள் அவை திண்டாடியது. வாக்கு சமமாக வந்தபோது சீட்டுக் குலுக்கி முடிவெடுத்தார்கள். சட்டம் நிறைவேறுமா என்பதைத் திருவுளச்சீட்டு தீர்மானித்த அந்தக் காலத்தை ‘லாட்டரி நாடாளுமன்றம்’ என்றே ஸ்வீடன்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். 1976 தேர்தலிலிருந்து ஓர் இடத்தைக் குறைத்து ஒற்றைப்படை ஆக்கினார்கள்.

பிரதமர் தேர்வுக்கு அங்கே மூன்று விதிகள் முக்கியம்.

1. பிரதமர் வேட்பாளரை முன்மொழிபவர் சபாநாயகர். அவையில் வாக்கெடுப்பு நடக்கும். வேட்பாளருக்குப் பெரும்பான்மை ஆதரவு தேவையில்லை. பெரும்பான்மை எதிர்ப்பு இல்லாமலிருந்தால் போதும். அதாவது, 349-இல் 175 பேர் ‘வேண்டாம்’ என்று வாக்களித்தால் மட்டுமே வேட்பாளர் தோற்பார். நடுநிலை வகிப்பதும் வராமலிருப்பதும் நடைமுறையில் ஆதரவுக்குச் சமம்.

2. பிரதமரையோ ஓர் அமைச்சரையோ நீக்க நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரலாம். அங்கேயும் அதே 175 வேண்டும். தீர்மானத்தை முன்வைக்கவே உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர், அதாவது 35 பேர், சேர வேண்டும்.

3. நான்கு முறை வேட்பாளர் நிராகரிக்கப்பட்டால் மறுதேர்தல்.

இந்த அமைப்பை அரசியல் அறிவியலில் ‘எதிர்மறை நாடாளுமன்ற முறை’ என்பார்கள். பயமுறுத்தும் பெயர்தான், உள்ளே இருப்பது எளிய விஷயம்: ‘இவர் வேண்டும்’ என்று சொல்பவர்களைத் தேடாமல் ‘இவர் வேண்டவே வேண்டாம்’ என்பவர்களை எண்ணுகிறார்கள். பல கட்சிகள் சிதறிக் கிடக்கும் நாட்டில் சிறுபான்மை அரசுகள் பிழைப்பதற்காகச் செய்த ஏற்பாடு. 1975-இல் நடைமுறைக்கு வந்த இன்றைய அரசமைப்பில் இது எழுத்தில் உள்ளது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. இரு அணிகளும் ஏறக்குறைய சமமாகிவிட்டால், எதிர்ப்பு 174-இல் நிற்குமா 175-ஐத் தொடுமா என்ற ஒரே கேள்வியில் அரசின் உயிர் தொங்கும். அப்போது பேரம் பேச வேண்டிய நபர் பெரிய கட்சித் தலைவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

ஈரானிலிருந்து வந்த போராளி

காக்காபாவே பிறந்தது ஈரானில் குர்து இன மக்கள் வாழும் பகுதியில், சக்கேஸ் என்ற ஊர்ப்பக்கம். ஏழைக் குடும்பம். பதின்ம வயதின் தொடக்கத்திலேயே கொமலா என்ற குர்து இடதுசாரி அமைப்பின் ஆயுதப் பிரிவில் சேர்ந்தார். குர்து போராளிகளைப் ‘பெஷ்மெர்கா’ என்பார்கள். இருபது வயதை ஒட்டிய காலத்தில், 1990-களின் தொடக்கத்தில், அகதியாக ஸ்வீடனுக்கு வந்தார். அங்கே படித்துச் சமூகப் பணியாளரானார்.

அரசியலில் அவர் சேர்ந்தது இடதுசாரிக் கட்சியில். நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது 2008-இல். அது தேர்தல் ஆண்டு இல்லையே என்று கவனமான வாசகர் கேட்கலாம். 2006-க்கும் 2010-க்கும் இடைப்பட்ட ஆண்டு அது. ஸ்வீடனில் இடைத்தேர்தல் கிடையாது. ஓர் உறுப்பினர் விலகினால், அதே கட்சிப் பட்டியலில் அடுத்து நிற்பவர் அந்த இடத்துக்கு வருவார். அமைச்சரானவர்கள்கூட அவையில் தங்கள் இடத்தை இப்படி மாற்று உறுப்பினரிடம் விட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

அவருடைய தனி அடையாளம் குர்து விவகாரத்துக்கும் முந்தையது. குடும்ப மானம் என்ற பெயரில் பெண்களைக் கட்டுப்படுத்துவது, கட்டாயத் திருமணம், ஆணவக் கொலை ஆகியவற்றுக்கு எதிராக, குடியேறிகள் அதிகம் வாழும் புறநகர்ப் பகுதிகளை முன்வைத்து அவர் தொடர்ந்து பேசினார். ‘வேசியுமல்ல, அடிமையுமல்ல’ என்ற பொருள்படும் பெயர் கொண்ட பெண்கள் அமைப்பை வழிநடத்தினார். பிரான்ஸில் அதே பெயரில் எழுந்த இயக்கத்தைப் பார்த்து உருவானது அது.

இந்த இடத்தில்தான் கட்சியோடு உரசல். புறநகரில் மத அடிப்படைவாதம் பெண்களை நசுக்குகிறது என்று அவர் பேசும்போது, அது குடியேறிகளுக்கு எதிரான வலதுசாரிகளின் கையில் கத்தியைக் கொடுப்பதாகக் கட்சிக்குள் பலர் நினைத்தார்கள். பாதிக்கப்படும் பெண்களைக் கட்சி கைவிடுகிறது என்று அவர் நினைத்தார். இரண்டு வாதத்திலும் சரக்கு இருந்தது என்றே சொல்ல வேண்டும். சண்டை முற்றி, கட்சியிலிருந்து நீக்குவது பற்றிய பேச்சு எழுந்த நிலையில் 2019 ஆகஸ்டில் அவரே வெளியேறினார். ஆனால் நாடாளுமன்ற இடத்தை விடவில்லை.

பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு கோடு

கட்சித் தாவல் தடைச் சட்டம் போன்ற ஒன்று ஸ்வீடனில் இல்லை. மக்கள் கட்சிப் பட்டியலுக்கு வாக்களித்தாலும், கிடைத்த இடம் உறுப்பினரின் சொந்த இடம். கட்சியை விட்டாலும், கட்சி அவரை விட்டாலும், அடுத்த தேர்தல் வரை அவரை யாரும் எழுப்ப முடியாது.

இப்படித் தனித்து நிற்பவரை ஸ்வீடிஷ் மொழியில் ‘வில்டே’ என்பார்கள். காட்டுத்தனமானவர், கட்டுக்கடங்காதவர் என்று பொருள். நாடாளுமன்றப் பதிவேடு அவ்வளவு கடுமையாகப் பேசுவதில்லை. அங்கே ஒவ்வோர் உறுப்பினரின் பெயருக்குப் பின்னாலும் அடைப்புக்குறிக்குள் கட்சியின் எழுத்து இருக்கும். காக்காபாவேயின் பெயருக்குப் பின்னால் அந்த அடைப்புக்குறிக்குள் ஒரு சிறு கோடு மட்டும் இருந்தது.

வில்டேவுக்குச் சம்பளம் குறையாது. அவையில் பேசலாம், அமைச்சர்களைக் கேள்வி கேட்கலாம், வாக்களிக்கலாம். ஆனால் உண்மையான வேலை நடக்கும் நிலைக்குழுக்களில் இடங்கள் கட்சிகளின் பலத்துக்கேற்பப் பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. கட்சி இல்லாதவருக்கு அங்கே நாற்காலி கிடைப்பது அரிது. ஆகவே சாதாரண நாட்களில் வில்டே என்பவர் செல்வாக்கிழந்த ஒருவர். 2019-இல் காக்காபாவே வெளியேறியபோது அவர் அரசியல் வாழ்வு முடிந்தது என்று நினைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

அவர் நகரவில்லை, கணக்குதான் நகர்ந்தது

2018 தேர்தல் முடிவை ஒருமுறை கூட்டிப் பார்த்தால் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

ஒரு பக்கம்: சமூக ஜனநாயகக் கட்சி 100, மையக் கட்சி 31, இடதுசாரிக் கட்சி 28, பசுமைக் கட்சி 16. கூட்டுத்தொகை 175.

மறுபக்கம்: மிதவாதக் கட்சி 70, ஸ்வீடன் ஜனநாயகக் கட்சி 62, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 22, லிபரல் கட்சி 20. கூட்டுத்தொகை 174.

வித்தியாசம் ஒன்று. ஆனால் 2018-இல் யாரும் இப்படிக் கூட்டவில்லை. காரணம், 2019 ஜனவரியில் மையக் கட்சியும் லிபரல் கட்சியும் ஓர் உடன்பாட்டின் பேரில் சமூக ஜனநாயகக் கட்சியின் ஸ்டெஃபான் லோஃப்வென் பிரதமராகத் தொடர வழிவிட்டன. குடியேறி எதிர்ப்பு அரசியல் செய்யும் ஸ்வீடன் ஜனநாயகக் கட்சியை அதிகாரத்திலிருந்து தள்ளி வைப்பது அவற்றின் நோக்கம். அப்போது எதிர்ப்பு வாக்குகள் 153-தான். ஒரு வில்டே வந்தாலும் போனாலும் ஒன்றும் ஆகாது.

2021-இல் நிலைமை தலைகீழானது. லிபரல் கட்சி வலதுசாரி அணிப் பக்கம் திரும்பியது. புதிதாகக் கட்டும் வீடுகளின் வாடகையைச் சந்தை விலைக்கு விடும் யோசனையை எதிர்த்து இடதுசாரிக் கட்சி அரசுக்குக் கொடுத்துவந்த ஆதரவைத் திரும்பப் பெற்றது. ஜூன் 21 அன்று 181 வாக்குகளில் லோஃப்வென் கவிழ்ந்தார். நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் வீழ்ந்த முதல் ஸ்வீடன் பிரதமர் அவர். அந்த நாளிலிருந்து எல்லோரும் 175, 174 என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்கள். எண்ணும்போது, அந்த 175-இல் ஒருவர் யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை என்பது தெரிந்தது.

அதன்பின் நடந்த நான்கு வாக்கெடுப்புகள்:

1. 2021 ஜூலை 7. லோஃப்வென் மீண்டும் வேட்பாளர். ஆதரவு 116, எதிர்ப்பு 173, நடுநிலை 60. நடுநிலை வகித்தவர்களில் காக்காபாவேயும், கட்சி முடிவை மீறிய ஒரு லிபரல் உறுப்பினரும் உண்டு. இந்த இருவரும் ‘வேண்டாம்’ பொத்தானை அழுத்தியிருந்தால் எண்ணிக்கை சரியாக 175 ஆகியிருக்கும்.

2. 2021 நவம்பர் 24. லோஃப்வென் ஒதுங்கியபின் ஆண்டர்சன் வேட்பாளர். எதிர்ப்பு 174. இங்கே காக்காபாவே ஒருவரே முடிவு. அவர் எதிர்த்திருந்தால் ஆண்டர்சன் தோற்றிருப்பார்.

3. 2021 நவம்பர் 29. மறுபடியும் ஆண்டர்சன். எதிர்ப்பு 173. காக்காபாவே இந்த முறையும் ஆதரித்தார். ஆனால் அவர் எதிர்த்திருந்தாலும் 174-தான் வந்திருக்கும். இந்த வெற்றியையும் அவர் கணக்கில் எழுதுவது மிகை.

4. 2022 ஜூன் 7. நீதித் துறை அமைச்சர் மோர்கன் யோஹான்சன் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். குண்டர் கும்பல்களின் துப்பாக்கிச் சூடுகளை அடக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. அமைச்சர் வீழ்ந்தால் மொத்த அரசும் பதவி விலகும் என்று ஆண்டர்சன் அறிவித்திருந்தார். தேவை 175. கிடைத்தது 174. காக்காபாவே நடுநிலை.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ஐந்தே நாள் இடைவெளி ஏன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆண்டர்சன் தேர்வான அதே நாளில் பட்ஜெட் வாக்கெடுப்பு இருந்தது. பட்ஜெட்டுக்கு இந்த 175 விதி பொருந்தாது. போட்டியிடும் வரைவுகளில் எதற்கு அதிக வாக்கோ அது வெல்லும். எதிர்க்கட்சிகளின் பட்ஜெட் 154, அரசின் பட்ஜெட் 143. ஸ்வீடன் ஜனநாயகக் கட்சி கை வைத்த பட்ஜெட்டை நாங்கள் நடத்த மாட்டோம் என்று பசுமைக் கட்சி கூட்டணியிலிருந்து வெளியேறியது. கூட்டணி உடைந்தால் பிரதமர் விலக வேண்டும் என்பது அங்குள்ள மரபு. தேர்வாகி ஏழு மணி நேரத்தில் ஆண்டர்சன் விலகினார். அடுத்த வாரம் தனிக்கட்சி அரசாகத் திரும்பி வந்தார்.

ஒரு வாக்கின் விலை

நவம்பர் 24 வாக்கெடுப்புக்காகக் காக்காபாவே கேட்டது பதவியோ பணமோ இல்லை. சமூக ஜனநாயகக் கட்சியிடமிருந்து எழுத்தில் ஓர் உறுதி. அதைப் புரிந்துகொள்ள மூன்று அமைப்புகளின் பெயர்கள் தெரிந்தாக வேண்டும்.

பி.கே.கே.: துருக்கி அரசை எதிர்த்து ஆயுதப் போர் நடத்திய குர்து அமைப்பு. துருக்கி, அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் மூன்றுமே பயங்கரவாதப் பட்டியலில் வைத்தவை. துருக்கிக்கு அடுத்து இதைப் பயங்கரவாத அமைப்பு என்று அறிவித்த முதல் நாடு எது தெரியுமா? ஸ்வீடன்தான், 1984-இல். பின்னாளில் ‘ஸ்வீடன் பயங்கரவாதிகளின் கூடாரம்’ என்று துருக்கித் தலைநகர் அங்காரா சொன்னபோது இந்தச் செய்தி எங்கோ அடியில் போய்விட்டது.

பி.ஒய்.டி.: வட சிரியாவில் இயங்கும் குர்து அரசியல் கட்சி.

ஒய்.பி.ஜி.: பி.ஒய்.டி.யோடு இணைந்த ஆயுதப் படை. ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) பயங்கரவாத அமைப்புக்கு எதிரான போரில் அமெரிக்காவின் தரைப்படைக் கூட்டாளி. மேற்கு நாடுகள் இதைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்க்கவில்லை. துருக்கியோ, இதுவும் பி.கே.கே.யும் ஒன்றே என்கிறது.

உடன்பாட்டின் சாரம் இரண்டு: பி.ஒய்.டி.யுடன் ஒத்துழைப்பை ஆழப்படுத்துவது, ஐ.எஸ்.ஸை எதிர்த்து நின்ற ஒய்.பி.ஜி. போராளிகளையும் அவர்களின் அனுதாபிகளையும் சில நாடுகள் பயங்கரவாதிகள் என்று முத்திரை குத்துவதை ஏற்க முடியாது என்பது.

இதில் கையெழுத்திட்டவர்கள் ஒரு கட்சியும் ஓர் உறுப்பினரும். ஸ்வீடன் அரசு இல்லை. உள்நாட்டில் பலர் இதை ஒரு வாக்கு வாங்கக் கொடுத்த கடுதாசியாகத்தான் பார்த்தார்கள். வெளியுறவுக் கொள்கையைத் தனிநபர் பேரத்துக்கு விடுவதா என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. நியாயமான கேள்வி. ஆனால் காக்காபாவே பக்கமிருந்து பார்த்தால், கையில் இருந்த ஒரே சீட்டை அவர் அதன் மதிப்பு உச்சத்தில் இருந்த நாளில் இறக்கினார். கட்சிகள் தினமும் செய்வதும் இதுதான்.

அங்காராவில் அதை எப்படிப் படித்தார்கள்

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. மே 18 அன்று ஸ்வீடனும் ஃபின்லாந்தும் நேட்டோவில் சேர விண்ணப்பித்தன. புதிய நாடு சேர எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். துருக்கி மறுத்தது. மறுப்புக்கான காரணங்களில் ஸ்வீடன் குர்து அமைப்புகளுக்குக் காட்டும் பரிவு முன்னணியில் இருந்தது. அதற்குச் சான்று தேடிய அங்காராவுக்கு, ஆளுங்கட்சியே கையெழுத்திட்ட காகிதம் ஒன்று தயாராகக் கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் ஒரு வாக்குக்கு விலையாக எழுதப்பட்டது, அங்காராவில் கொள்கை அறிக்கையாக வாசிக்கப்பட்டது.

காக்காபாவேயையே நாடுகடத்த வேண்டும் என்ற பொருள்பட ஸ்டாக்ஹோமில் இருந்த துருக்கித் தூதர் ஒரு பேட்டியில் பேசி, பிறகு அது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. காக்காபாவே பிறந்தது ஈரான், வாழ்வது ஸ்வீடன். துருக்கிக்கு ‘திருப்பி’ அனுப்ப வழியே இல்லை.

இந்தக் கட்டத்தில்தான் மேலே சொன்ன ஜூன் 7 வாக்கெடுப்பு வந்தது. நவம்பர் உடன்பாடு இன்னும் நிற்கிறது என்ற உறுதியைப் பெற்ற பிறகே அவர் நடுநிலை வகித்தார். சரியாக மூன்றே வாரம். ஜூன் 28 அன்று மாட்ரிட் நேட்டோ மாநாட்டில் துருக்கி, ஸ்வீடன், ஃபின்லாந்து மூன்றும் ஒரு புரிந்துணர்வு ஆவணத்தில் கையெழுத்திட்டன. ஒய்.பி.ஜி.க்கும் பி.ஒய்.டி.க்கும் ஆதரவு தர மாட்டோம் என்ற வரி அதில் இருந்தது. நவம்பர் காகிதத்துக்கு நேர் எதிரான வரி.

காக்காபாவே கொதித்தார். வெளியுறவு அமைச்சர் ஆன் லிண்டே மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர முயல்வதாக அறிவித்தார். ஆனால் அதற்கு 35 பேர் வேண்டும். அவரிடம் இருந்தது ஒன்று. நேட்டோ விண்ணப்பத்தைச் சிக்கலாக்க வலதுசாரிக் கட்சிகளுக்கு விருப்பமில்லை. மற்றவர்கள் தொடங்கிய வாக்கெடுப்பை ஒரு பொத்தானால் முடித்து வைக்க முடிந்தவரால், தானாக ஒரு வாக்கெடுப்பைத் தொடங்க முடியவில்லை. வில்டேயின் பலம் முழுவதும் அடுத்தவர் தராசு எப்போது சமநிலைக்கு வருகிறது என்பதில் இருந்தது. ஜூன் 28-இல் தராசு சமமாக இல்லை.

176க்கு 173

2022 செப்டம்பர் 11 தேர்தலில் வலதுசாரி அணி 176 இடங்களையும் மறு அணி 173 இடங்களையும் பெற்றன. அக்டோபர் 17 அன்று மிதவாதக் கட்சியின் உல்ஃப் கிறிஸ்டெர்சன் அதே 176க்கு 173 என்ற கணக்கில் பிரதமரானார். நடுநிலை என்று ஒருவரும் இல்லை. காக்காபாவே புதிய அவையில் இல்லை. இருந்திருந்தாலும் அந்த எண்களில் அவர் வாக்குக்கு வேலையில்லை.

நவம்பர் தொடக்கத்தில் புதிய வெளியுறவு அமைச்சர் டோபியாஸ் பில்ஸ்ட்ரோம், ஒய்.பி.ஜி.யிடமிருந்தும் பி.ஒய்.டி.யிடமிருந்தும் ஸ்வீடன் விலகி நிற்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒரு வாக்குக்காக ஓராண்டுக்கு முன் எழுதிக் கொடுத்தவற்றில் எதுவும் அப்போது மிஞ்சியிருக்கவில்லை. அதன் பிறகும் துருக்கி நாடாளுமன்றம் ஒப்புதல் தர 2024 ஜனவரி ஆனது. ஹங்கேரி அதற்கு அடுத்த மாதம் தந்தது. 2024 மார்ச் 7 அன்று ஸ்வீடன் நேட்டோவின் 32-ஆவது உறுப்பு நாடானது.